மைக் இல்லை அது

பைசந்தூ நகரப் பேருந்துப் பணிமனை.
இங்கே ஜூலையில்தான் குளிர்.
விடியுமுன் நாலே முக்காலுக்கு வந்து
விடுப்புப் படிவங்களை அடுக்குகிறவன் நான்.

பெயர், தேதி, தடம், காரணம்.
காரணத்துக்கு ஒதுக்கிய கட்டம்
ஒரு விரல் நீளம்.
அதற்குள் அடங்குகிற நோய்கள் மட்டுமே
எங்கள் ஓட்டுநர்களுக்கு வருகின்றன.

தார்தோவுக்குப் பல்வலி.
மார்ச்சில் பல்வலி, ஏப்ரலில் இரண்டு முறை,
மே மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கியது.
கணக்குப் பார்த்தால் இந்நேரம்
ஈறு மட்டும்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.
பிஸ்கட்டை நறுக்கென்று கடிக்கிறான்.
நான் கேட்கவில்லை.
துளையிட்டுக் கோப்பில் கோத்தேன்.

(சொல்லிவிடுகிறேன்:
போன குளிர்காலத்தில் எனக்கு வந்த முதுகுவலியும்
முதுகில் இல்லை.)

ஐந்து மணிக்கு மாத்தே சுற்று.
எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்.
வெந்நீர் ஊற்றுவது எல்பியோ.
குடித்ததும் திருப்பித் தரவேண்டும்.
கையில் வைத்துக்கொண்டே யாராவது பேசினால்
எல்லோருமாகச் சொல்லும் பழைய கிண்டல்:
"அது மைக் இல்லை, குடி!"
பேச்சு அறுபடும், சுற்று நகரும்.
அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை
என்றுதான் நினைத்திருந்தோம்.

போதும் என்பதற்கு இங்கே "நன்றி" என்பார்கள்.
தார்தோ இப்போதெல்லாம்
முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிடுகிறான்.

பிறகு நெல்பா.
இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டு
மேசைக்கு வந்த பணிமனைத் தலைவி.
ஒரு திங்கட்கிழமை தன் படிவத்தை
என்னிடம் தராமல்
வருகைப் பலகையில் குத்திவிட்டுப் போனாள்.
கட்டத்தைத் தாண்டி, கையொப்பக் கோட்டைத் தாண்டி
தாளின் முதுகுக்கும் போயிருந்தது எழுத்து:

"ஒழுங்காகத் தூங்கி ஐந்து வாரம் ஆகிறது.
சாவிக்கொத்தைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது.
புதன்கிழமைகளில் மனநல மருத்துவரிடம் போகிறேன்.
நான் எங்கே என்று யாரும்
ஊகிக்க வேண்டாம். அங்கேதான்."

ஒருவன் சிரித்தான்.
சிரிப்பை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல்
பாதியில் நின்றான்.
தலைமை அலுவலகம் தொலைபேசியில் சொன்னது:
"பலகை அதற்கல்ல."
நெல்பா கேட்டுக்கொண்டாள்.
தாளை எடுக்கவில்லை.
ஊசியை மட்டும் மாற்றினாள், இன்னும் பெரியதாக.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
மனக்கஷ்டமெல்லாம் காசு இருப்பவனுக்கு
என்கிறான் எல்பியோ, இன்றைக்கும்.
கட்டமும் விரல் நீளம்தான்.

ஆனால் நேற்று
வெளியே மூன்றாம் தடத்து வண்டி உறுமிச்
சூடேறிக்கொண்டிருந்தபோது
குடுவை தார்தோவிடம் வந்தது.
அவன் குடிக்கவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
இரண்டு கையாலும் பிடித்தபடி
நுரை அடங்கும்வரை பார்த்தான்.

"பல்வலி இல்லை" என்றான்.
"நிறுத்தத்தில் கதவைத் திறக்கும்போதெல்லாம்
பயணிகளோடு நானும் இறங்கி
எங்காவது போய்விடலாம்போல இருக்கிறது.
சனிக்கிழமை எஞ்சினை அணைத்துவிட்டு
இறங்கியே விட்டேன்.
நாலு கடை தாண்டியிருப்பேன்.
பின்னாலிருந்து ஒரு பெரியவர்
'தம்பி, நாங்கள்?' என்றார்.
அவருக்காகத்தான் திரும்பி ஏறினேன்."

பழைய கிண்டல்
எல்லோர் நாக்கு நுனியிலும் இருந்தது.
என் நாக்கிலும்.
எல்பியோ கையில் தெர்மாஸ்,
மூடி திறந்தபடி,
ஆவி போய்க்கொண்டே இருந்தது.

யாரும் சொல்லவில்லை.

ஐந்து இருபதுக்குக் கிளம்ப வேண்டிய வண்டியை
ஐந்து முப்பத்தொன்றுக்கு
நெல்பா எடுத்துப் போனாள்,
சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு.
தாமதப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் உண்டு, காரணம் என்று.
எழுதினேன்:
மாத்தே ஆறிப்போனது.
எல்பியோ மறுபடி ஊற்றினான்.